முனிரத்தினம் கொடுத்த பெல்ட்

என் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருந்த ஓசூர் மெக்கானிக், தேய்ந்த பெல்ட்டை உருவி என் மூக்குக்கு நேராக நீட்டினான். "பாருங்க சார், எப்படி வெடிச்சிருக்கு! இத வெச்சிக்கினு எப்படி ஓட்டினீங்க?" வெடிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. சூடேறிய ரப்பரும் எண்ணெயும் கலந்த வாசனைதான் வந்தது. உங்களுக்கு அது பட்டறை வாசனையாக இருக்கலாம். எனக்கு ஏழாம் வகுப்பு, பி பிரிவு.

உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் அப்போது நான் கணக்கு வாத்தியார். மீசை வளர்த்தும் மரியாதை வராததால் புளியங்குச்சி வைத்திருந்தேன். வாரத்துக்கு இரண்டு முறியும். அதைக் கேள்விப்பட்டு முனிரத்தினம் வந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். மகள் நாகவேணி என் வகுப்பு. முழ நீளத்துக்கு வெட்டிய பழைய மெஷின் பெல்ட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"குச்சின்னா முறிஞ்சிடுது சார். இது ஆயுசுக்கும் வரும். எம்பொண்ணுன்னு பாக்காதீங்க."

நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரமே நாகவேணி வீட்டுக்கணக்குப் போடாமல் வந்தாள். முதல் அடி விழுந்ததும் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய், "எங்க நாயனா வாசன வருது சார்" என்றாள். தெலுங்கு பேசும் வீடு. நாயனா என்றால் அப்பா. வகுப்பு சிரித்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்து இன்னும் நான்கு கொடுத்தேன்.

மாலை பேருந்தில் முனிரத்தினம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்த அவர் சட்டையில் அதே வாசனை.

"பெல்ட்டு ஒழைக்குதா சார்?"

"நல்லா ஒழைக்குதுங்க" என்றேன். அவள் கேலி செய்யவில்லை என்று புரிந்த பிறகும் நான் பெல்ட்டை நிறுத்தவில்லை.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தபோது, "இனிமே எவன் அடங்குவான்?" என்று சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். கையெழுத்துப் போட்டேன். பெல்ட்டைத் தூக்கி எறிந்தேன். ஆனால் ஜன்னலைத் திறக்கக் கையை உயர்த்தினாலும் முன்வரிசை தலையைக் குனிந்துகொள்ளும். சுற்றறிக்கை அந்தக் கழுத்துகளுக்குப் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆயின.

ஒரு நாள் கையை உயர்த்தினேன், யாரும் குனியவில்லை. ஒருவன் கொட்டாவி விட்டான். ஜன்னலைப் பிடித்தபடியே நின்றேன்.

பெல்ட் போயிற்று, அந்தக் குனிதலும் போயிற்று. நாகவேணி சுற்றறிக்கைக்கு முந்தின வருடமே படிப்பை நிறுத்தியிருந்தாள். அதே பேருந்தில் முனிரத்தினத்தைத் தினமும் பார்த்தேன். ஏன் நிறுத்தினாள் என்று கேட்கவில்லை.