மூன்றாம் புத்தகத்துக் கதவு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள் அவள். முப்பது வருஷமாக ஒரே மேஜை, ஒரே ஜன்னல். சூடு ஆறாமல் வந்து விழுகிற விரிப்பை எடுத்து இரண்டு தடவை உதறுவாள். பட், பட் என்று சாட்டை சொடுக்கின மாதிரி கேட்கும். பிறகு நாலாக, எட்டாக மடித்து, வார்டு எண் வெளியே தெரியும்படி அடுக்குவாள். மற்றவர்கள் ஒரு தடவைதான் உதறுவார்கள். "ரெண்டு எதுக்குக்கா?" என்று யாராவது கேட்டால், "மொதல் உதறல் துணிக்கு, ரெண்டாவது எனக்கு" என்பாள். வேடிக்கைப் பேச்சு என்று அவள் வாயில் வருவது அந்த ஒன்றுதான்.

அவள் புருஷன் மின்சார மீட்டர் படிக்கிறவர். வாரம் ஆறு நாளும் ஊரார் கதவைத் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு வாடகை நூலகத்தின் பின்னறைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு கூட்டம் கூடும். சாம்பல் மாளிகை என்று பதினொரு புத்தகம். ரத்தம் குடிக்கிற காட்டேரிப் பிரபு ஒருவனின் கதை. அதைப் படித்துக் கிறுக்குப் பிடித்த பத்துப் பன்னிரண்டு பேர், அவரவருக்குப் பிடித்த காட்சியை அங்கே சொல்லிக்கொள்வார்கள். கையில் புத்தகம் இருக்கக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும்; ஆனால் புத்தகத்தில் இல்லாததைச் சொல்லக் கூடாது. ஒருவர் எடுத்துக்கொண்ட காட்சியை இன்னொருவர் தொடுவதில்லை, புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக்கூட மறுபடி புரட்டுவதில்லை. கூப்பிடுகிற பேரும் அதிலிருந்தே வந்துவிடும். பிரபு கண்ணாடி முன்னால் நின்று, தெரியாத தன் தலையை வாரிக்கொள்கிற காட்சியைச் சொல்லும் தையல்காரி, கண்ணாடியக்கா. சவப்பெட்டிக் காட்சியைச் சொல்லும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பெட்டி சார். மூன்று வருஷமாக வந்தும் சொந்தக் காட்சி அமையாத ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு, நாற்பது வயதாகியும் பேர் 'புதுசு'.

அவள் புருஷன் கதவுக்காரர். மூன்றாம் புத்தகத்தில் பிரபு தன் சொந்த வீட்டுக்கே திரும்பி வருகிற காட்சி அவருடையது. உள்ளே இருக்கிறவர் வாய் திறந்து கூப்பிடாமல் காட்டேரி எந்த வீட்டு வாசலையும் தாண்ட முடியாது. "மீட்டர்காரனும் அதே ஜாதிதான்யா! கூப்பிட்டாத்தான் உள்ள வருவான், வந்தா உறிஞ்சாம போக மாட்டான்" என்று பெட்டி சார் கிண்டலடிப்பார்.

இதெல்லாம் அவள் பின்னால் தெரிந்துகொண்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பேச்சே அவள் வீட்டில் கிடையாது. அவர் ஏதாவது ஆரம்பித்தால், "உங்க பேய்க்கதைய உங்க பேய்ங்ககிட்டயே வச்சுக்கங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

காரணம் இருந்தது. அவர்களுக்கு ஒரு பெண் இருந்தாள். தாய்மாமனின் மூத்த மகள் பிறந்த அதே மாசம் பிறந்தவள். அந்த மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், பெரியது பள்ளிக்கூடம் போகிறது. இவர்களுடைய பெண் ஐந்து வயதோடு நின்றுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அவர் நூலகத்தில் இருந்தார். அவள் ஒருத்தியாகவே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆறு மணிக்கு அவர் மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, பிள்ளையின் மேல் விரிப்பு மூடியிருந்தது. அந்த விரிப்பை முந்தின நாள் மடித்தவள் அவளேதான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவள், உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். மூன்று நாள் திறக்கவில்லை. அவர் கீழ்வீட்டில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் மாடியேறி வந்து வாசலில் நிற்பார். நாலாம் நாள் அவள் அண்ணன் வந்து சத்தம் போட்டான். தாழ்ப்பாளை எடுத்தாள். வா என்று சொல்லவில்லை. அவராகவே உள்ளே வந்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு சோறு, துணி, சாவி என்று அத்தனைக்கு மட்டுமே பேச்சு. ஆறு மாசம் கழித்து அவர் மறுபடி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கிளம்பினபோது, இந்த மனுஷனுக்கு நெஞ்சில் கல்தான் இருக்கிறது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

பக்கவாதம் வந்தது போன வருஷம், ஒரு வீட்டு மீட்டர்ப் பெட்டியின் முன்னால். வலது பக்கம் விழுந்தது, பேச்சு மொத்தமாகப் போனது. நாம் சொல்வதும் அவருக்கு வெறும் சத்தமாகத்தான் போய்ச் சேரும் என்றார் டாக்டர். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். குழாயைப் பார்த்துச் சிரிப்பார், சுவரைப் பார்த்துச் சிரிப்பார், அவளைப் பார்த்தும் அதே சிரிப்பு.

பதினோராவது மாசம் கண்ணாடியக்காவும் புதுசும் பிஸ்கட் பொட்டலத்தோடு பார்க்க வந்தார்கள். வாசலிலிருந்தே அக்கா, "என்ன கதவுக்காரரே!" என்றாள்.

அவர் தலை திரும்பியது. கண் தேடியது. அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

போகும்போது அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தங்கச்சி, சொல்லவே சங்கடமா இருக்கு. ஒரு வருஷம் சொல்லாம கிடந்தா, அந்தக் காட்சிய கேக்குறவங்களுக்குக் குடுத்துடறது எங்க வழக்கம். வர்ற மாசம் கடைசி ஞாயித்துக்கிழமையோட வருஷம் முடியுது. இவரு கேட்டிருக்காரு."

புதுசு தலையைக் குனிந்துகொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அது மண்ணாப் போயிடக் கூடாதேன்னுதான். அவரு சொல்லிக் கேட்டுத்தான் நான் அந்தக் கூட்டத்துலயே சேந்தேன்."

"அப்ப இவர யாரும் கதவுக்காரர்னு கூப்பிட மாட்டீங்களா?"

புதுசு காலால் செருப்பைத் தேடினார்.

"வீட்டு ஆளு யாராவது வந்து சொன்னா?" என்று கேட்டாள்.

"சொன்னா அது உங்க வீட்டோடயே இருக்கும். ஆனா நீ..." என்று இழுத்தாள் அக்கா.

அவருடைய பெட்டியைக் குடைந்து மூன்றாம் புத்தகத்தை எடுத்தாள். வேலைக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு இடைவேளையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். கூட வேலை செய்கிறவர்கள் "இந்த வயசுல பரீட்சையாக்கா?" என்று சிரித்தார்கள். பதினைந்து நாள் ஆயிற்று அந்த இடத்துக்கு வந்து சேர. வந்து பார்த்தால் நாலே வரி.

'பிரபு தன் வீட்டுக் கதவைத் தட்டினான். யாரது என்றாள் மனைவி. நான்தான் என்றான். உள்ளே வாருங்கள் என்று அவள் திறந்தாள். மறுநாள் அந்த வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை.'

அடுத்த வரியில் குதிரை வண்டி கிளம்பிவிட்டது. தாள் கிழிந்திருக்குமோ என்று பக்க எண்ணைப் பார்த்தாள், சரியாக இருந்தது. நூலகத்துக்குப் போய் வேறு பிரதியைப் புரட்டினாள். அதிலும் நாலு வரிதான்.

அன்று சாயங்காலமே தையல்கடைக்குப் போனாள். "அக்கா, அவரு எப்படிச் சொல்லுவாரு?"

அக்கா மிஷினை நிறுத்தினாள். "முக்கா மணி நேரம் சொல்லுவாரு தங்கச்சி! நாங்க மூக்கைச் சிந்தி மாளாது. பிரபு மூணு நாளு வாசல்லயே நிப்பான். மேல் தாழ்ப்பாள்ல ஒரு துணி சுத்தியிருக்கும், தூங்குற பிள்ளைக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு. உள்ள அவ சின்னச் சின்னத் துணியா மடிச்சுக்கிட்டிருப்பா. மடிச்சத கலைச்சு மறுபடி மடிப்பா. ஒவ்வொரு துணிக்கும் ரெண்டு தடவ உதறுற சத்தம். இவன் வெளிய நின்னு எண்ணுவான். சத்தம் நின்னா, அழறான்னு அர்த்தம். அத்தன பெரிய காட்டேரி, ஒரு கட்டைக் கதவுக்கு முன்னால சுருங்கிப் போயிடுவான். எழுதினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்!"

அவள் பக்கத்திலிருந்த துணிமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மேல் தாழ்ப்பாளில் துணி சுற்றினவள் அவள்தான். பிள்ளையின் பழைய கவுன் கிழிசல் அது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"முடிவு?" என்றாள்.

"மூணாம் நாள் சாயங்காலம் அவ கதவுகிட்ட வந்து, உள்ள வாங்கன்னு கூப்பிடுவா. அதோட நிறுத்தித் தண்ணி குடிப்பாரு. உள்ள போனானா, அவளக் கடிச்சானான்னு நாங்க கேட்டா, 'கூப்பிட்டுட்டா, அவ்வளவுதான் காட்சி' ம்பாரு. ஏன் தங்கச்சி, மொகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. வெயில்ல வந்தேன்."

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவரைக் கீழ்வீட்டம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். பைக்குள் மூன்றாம் புத்தகம் இருந்தது. பின்னறையில் இரும்பு அலமாரிக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகள். அவர் உட்காருகிற மூலை நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். அவளை அதில் உட்காரச் சொன்னபோது, மாட்டேன் என்று நின்றுகொண்டாள்.

ஆரம்பத்தில் குரல் எழும்பவில்லை. போகப் போக வந்தது. தாழ்ப்பாள் துணியைச் சொன்னாள். சின்ன உடுப்புகளைச் சொன்னாள். எத்தனை கவுன், எந்தெந்த நிறம், எதில் பொத்தான் விழுந்திருந்தது என்று அவர் சொல்லாததையும் சொன்னாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கிறவள் மூச்சைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னாள். "அட, இது நமக்கே தெரியாம இருந்திருக்கே" என்று பெட்டி சார் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். மூன்றாம் நாள் சாயங்காலத்துக்கு வந்தாள். கதவின் கிட்டே வந்தாள். இரண்டே வார்த்தை பாக்கி.

வாயில் வரவில்லை. நூலகத்துக்காரர் தண்ணீர் நீட்டினார். வாங்கவில்லை.

"அவ கூப்பிடல" என்றாள். "நாலாம் நாளு தாழ்ப்பாள எடுத்தா. அவ்வளவுதான். அந்தாளு தானா உள்ள வந்தாரு. பைய ஆணியில மாட்டினாரு. பானையில தண்ணி மொண்டு குடிச்சாரு. அவ திரும்பிக்கூடப் பாக்கல."

பெட்டி சார்தான் மெல்லச் சொன்னார்: "அம்மா, முடிவு அப்படி இல்லையேம்மா. அவ கூப்பிடுவா. அதுதானே காட்சியோட உயிரே."

"புத்தகத்துல அப்படி இல்லம்மா" என்றார் நூலகத்துக்காரரும், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அவள் கை பைக்குள் போனது. புத்தகத்தின் முனை விரலில் பட்டது. எடுத்து விரித்துக் காட்டினால் போதும். நாலு வரியைப் பார்த்து அத்தனை பேரும் வாயடைத்துப் போவார்கள். ஆனால் புத்தகத்தில் இல்லாதது காட்சியே அல்ல. இருபது வருஷம் அவர் சொன்னது, அந்த மனுஷன் கட்டிவிட்ட சொந்தச் சரக்கு என்று அந்த நிமிஷமே செத்துப்போகும். கையை வெளியே எடுத்தாள்.

"எனக்குச் சரியாத் தெரியலைங்க. நான் கேட்டதில்ல" என்றாள். "அவரையே சொல்லச் சொல்லுங்க" என்று புதுசைக் காட்டினாள்.

புதுசு எழுந்து சொன்னார். அவள் புருஷன் எங்கே இருமுவார், எங்கே நிறுத்துவார் என்பதுகூட அப்படியே வந்தது. "உள்ள வாங்க" என்று முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தபோது கண்ணாடியக்கா விசும்பினாள். கைதட்டினார்கள். டீ வந்தது. "கதவுக்காரரே, இந்தாங்க" என்று நூலகத்துக்காரர் ஒரு டம்ளரைப் புதுசிடம் நீட்டினார். அவள் பக்கம் யாரும் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள்; நல்ல மனிதர்கள்தான். அவள் டீ குடிக்காமல் புறப்பட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. காற்றுக்காகக் கீழ்வீட்டம்மா அவரை நாற்காலியோடு வாசலுக்கு வெளியே உட்கார வைத்திருந்தாள். "சமத்தா இருந்தாரும்மா, ஒரு தொந்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் செருப்பைக் கழற்றி, அவரைத் தாண்டி உள்ளே போனாள். திரும்பி வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். பக்கத்தில் கதவு. மேலே அழுக்கேறின கவுன் துணி.

"உள்ள வாங்க" என்றாள்.

அவர் மாடிப்படிக் கம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க. உங்களத்தான். உள்ள வாங்க."

கம்பியின் மேல் ஒரு எறும்பு ஊர்ந்தது. அவர் அதைப் பார்த்தார்.

இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். கடைசியில், இனி அது அவருடையது இல்லை என்று தெரிந்தும், "கதவுக்காரரே" என்றாள்.

சட்டென்று தலை திரும்பியது. முகத்தில் பழைய களை வந்தது. கண் அவள் மேல் பட்டு, நிற்காமல் தாண்டிப் போனது. அவள் தோளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, கூப்பிட்டது யார் என்று தேடினார். உள்ளே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் தேடிவிட்டு மறுபடி கம்பிக்குத் திரும்பிவிட்டார்.

அவள் வெளியே வந்தாள். குனிந்து, அவருடைய விழுந்துபோன வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, வாசற்படிக்கு உள்ளே வைத்தாள்.