அன்வர் சாப்பிட்டுவிட்டுப் போன மத்தியானம்

எடுத்ததுமே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை. அடையாற்றில் ஒரு லேபில் பதினோரு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டு, "என்னமோ மேல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு" என்று சொல்கிறவர்களை வாரத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறேன், குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தால் உட்கார்ந்தது எழுந்து போய்விடும். அப்படிப்பட்டவள் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் சேகர் ராணுவத்தில் ஹவில்தார். கல்யாணமான பதினாலு வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம்கூடத் தேறாது, ஏனென்றால் எல்லைப் பக்கம் போஸ்டிங் என்றால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. நானும் மகள் யாழினியும் வேளச்சேரியில் வாடகை வீட்டில் கிடந்தோம். போன வருஷம் ஒருநாள் போனில், "அடுத்தது பூனா, குவார்ட்டர்ஸ் கிடைச்சிடும், ரெடியா இரு" என்றார். ராணுவக்காரன் பெண்டாட்டி செய்யக்கூடாத தப்பைச் செய்தேன், ஆர்டரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூட்டை கட்டிவிட்டேன். மகளுக்குப் பள்ளியில் டி.சி. வாங்கினேன், லேபில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன், ஃப்ரிட்ஜைத் தூக்கி நாத்தனாருக்குக் கொடுத்தேன்.

ரெண்டு வாரம் கழித்துப் போன். "ஆர்டர் கேன்சல் சுமதி. ஆபீசர் விடமாட்டேங்கறாரு. இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான்."

நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன், கேட்டுக்கொள்ளுங்கள். மனசை விடாதீங்க என்றேன். முகம் தெரியாத அந்த ஆபீசரைத் தினமும் சமைக்கும்போது வாய்க்கு வந்தபடி திட்டினேன். பள்ளிக்கூடத்தில் போய் நின்று கெஞ்சி மகளைத் திரும்பச் சேர்த்தேன், லேபிலும் அதே கெஞ்சல். யாழினி மட்டும் கட்டிவைத்த தன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

மூன்று மாசம் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழை பெய்து தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். கதவு தட்டுகிற சத்தம் கேட்டு யாழினிதான் போய்த் திறந்தாள். "அம்மா, அப்பா பிரண்டு வந்திருக்காரு" என்றாள். அவளும் பார்த்தாள் என்பதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணி, நான் அன்வர். சிந்தாதிரிப்பேட்டை. சேகர் அண்ணன் யூனிட்டு."

இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. நேரில் பார்த்ததில்லையே தவிர பெயர் நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் போன் பேசும்போதெல்லாம் பின்னால் கிண்டலடித்துக்கொண்டிருந்த குரல். லீவில் வருகிறவன் தன்னோடு வேலை பார்க்கிறவர்களின் வீடுகளுக்குப் போய் முகம் காட்டிவிட்டு, ஒரு வேளை சாப்பிட்டு, கொடுத்தனுப்பியதைக் கொடுத்துவிட்டுப் போவது இவர்களுக்குள் பழக்கம். போகாவிட்டால் பெரிய குறை. அதனால் நானும் எதையும் யோசிக்காமல் தட்டை வைத்தேன்.

"அவரு ஒண்ணும் குடுத்தனுப்பலையா தம்பி?"

"இந்தத் தபா வெறுங்கையாத்தான் வந்துக்கிறேன் அண்ணி."

சாம்பார், வாழைக்காய் வறுவல், ரசம் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "ஆபீசரைத் திட்டாதீங்க அண்ணி. அவரு இன்னா பண்ணுவாரு பாவம். பூனா ஆர்டர் வந்துச்சு. அண்ணன்தான் இங்கியே இருக்க வில்லிங்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தாரு."

நான் திட்டியது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் தம்பி?" என்றேன்.

"அத்த அவராண்டயே கேளுங்க."

தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்போது எனக்குப் பயமெல்லாம் இல்லை, ஆத்திரம்தான். வேறொருத்தி இருந்திருந்தால்கூட அவளைத் திட்டித் தீர்த்திருப்பேன். இங்கே திட்டுவதற்கு யாருமில்லை, என்னை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்று அந்த மனுஷனே எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் இங்கே அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலம் போன் வந்தது. "அன்வர் வந்தாரு, எல்லாம் சொல்லிட்டாரு" என்றேன்.

"அன்வர் போய் எட்டு மாசம் ஆச்சு சுமதி. மலை மேல ரோந்து போனப்போ மூச்சு முட்டி... வீட்ல சொல்ல வேணாம்னு உனக்குச் சொல்லல."

"மாட்டிக்கிட்டதும் சாப்பிட்டுட்டுப் போன ஆளையே சாகடிக்கிறீங்களா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். ஒரு பொய் சொன்னவர் இன்னொன்று சொல்ல மாட்டாரா?

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினேன். மிலிட்டரி அன்வர் வீடு என்று நாலு கடையில் கேட்டதும் ஒரு சந்துக்குள் கைகாட்டினார்கள். அவருடைய மனைவி கதவைத் திறந்தாள், சின்னப் பெண். உள்ளே சுவரில் யூனிஃபார்மில் போட்டோ. இடது புருவத்தில் அதே வெட்டு. எட்டு மாசம்தான், கணக்கு சரியாக இருந்தது. என் புருஷன் கையெழுத்துப் போட்டதோ மூன்று மாசத்துக்கு முன்னால். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று என் வீட்டில் சாப்பிட்டார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளிடம் வராதவர் என்னிடம் எதற்கு வர வேண்டும்?

நான் சேகரின் மனைவி என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. "கடசியா அவர் கூட இருந்தது உங்க வூட்டுக்காரருதானாம்க்கா. ரெண்டு பேருந்தான் மேல போனாங்களாம். இவரு போனப்பறம் ஒரு போனு பண்ணலியே அவரு. லீவுல வந்தப்போ கூட இந்தப் பக்கம் வரலியே."

தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வந்தேன்.

ஸ்டேஷனில் நின்றுகொண்டே அவருக்குப் போன் போட்டேன். "அன்வர் செத்தது நெஜம்தான், பாத்துட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டதும் நெஜமா?"

"ஆமா."

நீங்களாக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? செத்தவன் எப்படிடி வந்து சோறு தின்பான், உனக்கென்ன பைத்தியமா என்றுதானே? நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேற என்ன சொன்னான்?" என்றார்.

அதற்கப்புறம் ரெண்டு தடவை லீவில் வந்துவிட்டுப் போனார். ரெண்டு தடவையும் மகள் இல்லாத நேரம் பார்த்து அதையே கேட்டார், மேலே ரோந்தில் நடந்ததைச் சொன்னானா என்று. கையெழுத்து ஏன் என்று நான் கேட்டால் பேச்சை மாற்றினார். ஒன்றும் சொல்லவில்லை என்று யாழினி மேல் சத்தியம் பண்ணினேன். அவர் நம்பவில்லை.