மூன்றரை முழத்துக்கு ஒருமுறை

ஆரணியில் ஜோசப்ராஜின் டிவி ரிப்பேர் கடைக்கும் என் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒரு தகரம்தான் தடுப்பு. தொண்ணூறுகளில் அவனிடம் வந்த புகார்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். படத்தில் கோடு கோடாக வருகிறது என்பார்கள். இவன் பையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்ததும் படம் பளிச்சென்று தெரியும். வீட்டுக்காரர்கள் இவனை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

"கெட்டுப்போன சாமான்னா அங்கயே கெடக்கும், கண்டுபுடிச்சிடலாம். கிளிட்ச் அப்பிடி இல்லடா. பக்கத்து வூட்ல மிக்ஸி போட்டா கரண்டு ஒரு துள்ளு துள்ளும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துட்டுப் பூடும். நாம போய்ப் பாத்தா இருக்காது," என்பான்.

இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். எந்த வீட்டிலும் இவன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

2008-இல் குமரேசன் தன் தறி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் ஜக்கார்டு பெட்டி வாங்கி மாட்டினார். அவருக்கு வீட்டின் பின்கட்டிலேயே ஆறு தறிகள். அதுவரை எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதைத் துளை போட்ட அட்டைகள் சொல்லிக்கொண்டிருந்தன. இப்போது பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் சொல்லியது. அந்தத் தறியில் உட்கார்ந்தவர் சிவப்பிரகாசம். இருபத்திரண்டு வருஷம் அதே முதலாளியிடம் நெய்தவர், அவர் இறக்கிய புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடித்து வைப்பார்கள்.

பெட்டி வந்த பிறகு அவர் புடவைகளில் பிசகு விழுந்தது. பார்டரில் வரிசையாக வரும் அன்னத்தின் கழுத்தில் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றே ஒன்று தப்பி, வெட்டுப்பட்ட மாதிரி தெரியும். நெய்யும்போது கண்ணில் படாது, புடவையை இறக்கி வெளிச்சத்தில் விரித்தால்தான் தெரியும். மூன்று புடவை இப்படி வந்ததும், அவருக்குக் கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது என்று குமரேசன் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். நாலாவதும் அப்படி வந்தால் தறியை விட்டு இறங்க வேண்டியதுதான் என்றார்.

ஜோசப்ராஜ் போய் டேப்பை வைத்து அளந்தான். பிசகுக்கும் பிசகுக்கும் இடையே ஏறக்குறைய மூன்றரை முழம். சிவப்பிரகாசம் மூன்றரை முழம் நெய்ய மூன்று நாளாகும். அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் வருவதும் மூன்று நாளுக்கு ஒருமுறைதான். தண்ணீர் வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். சட்டப்படி தப்பு, ஆனால் தெருவே செய்தது. குமரேசன் வீட்டு மோட்டாருக்கும் தறிப்பெட்டிக்கும் ஒரே லைன். மோட்டார் போடும் நொடியில் கரண்டு துள்ளி, பெட்டி ஓர் ஊடைக்குத் தவறான இழையைத் தூக்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த தண்ணீர் நாளில் எல்லோரையும் வைத்துக் காட்டுகிறேன் என்று ஜோசப்ராஜ் கிளம்பினான், நானும் போனேன். அந்த வாரம் பார்த்து, மோட்டார் பிடுங்குகிற நகராட்சி ஆட்கள் தெருத் தெருவாக வந்துகொண்டிருந்தார்கள்.

"மோட்டாரப் போடச் சொல்லுங்க மொதலாளி," என்றான் ஜோசப்ராஜ்.

"எந்த மோட்டாரு? எங்க வூட்ல மோட்டாரே இல்லியே," என்றார் குமரேசன். கொல்லையில் நெல் மூட்டைக்குப் பின்னால் கோணி போர்த்திக் கிடந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை, என் வீட்டிலும் ஒன்று இருந்தது. அன்றைக்கு சிவப்பிரகாசம் ஒரு முழம் நெய்து காட்டினார். ஒரு பிசகும் விழவில்லை.

"பாத்துகினு இருந்தா ஒழுங்கா வருது, பாத்தியா," என்றார் குமரேசன்.

கெடுபிடி அடங்கியதும் மோட்டார் மறுபடி ஓடியது. நாலாவது புடவையிலும் அன்னத்தின் கழுத்து வெட்டுப்பட, சிவப்பிரகாசம் இறங்கினார். மறுநாளே குமரேசன் ஜோசப்ராஜைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பொட்டிக்கு எதுனா பண்ணணும்னா பண்ணிடு. பேச்சு வேணாம்," என்றார். அடுத்து உட்காருகிறவர் தலையிலும் பழி விழக்கூடாதே என்று இந்தப் பைத்தியக்காரன் பெட்டிக்குத் தனி லைன் இழுத்து, கரண்டின் துள்ளலைத் தடுக்கும் ஃபில்டரும் மாட்டிவிட்டு வந்தான். அதோடு பிசகு நின்றது. சிவப்பிரகாசம் போனதும் தறி எப்படிச் சுத்தமாகிவிட்டது பார் என்று ஊர் பேசியது.

ஒரு மாதம் கழித்து சிவப்பிரகாசம் கடைக்கு வந்தார். போளூர் வரை கேட்டுப் பார்த்தும் யாரும் தறி தரவில்லையாம்.

"ஒரே ஒரு தண்ணி நாளு, நீ மாட்டினத கழட்டி வெய்யிப்பா. அவங்க கண்ணால பாக்கட்டும்," என்றார்.

ஜோசப்ராஜ் ஸ்க்ரூ டிரைவரோடு போனான். அந்தத் தறியில் இப்போது அபிதகுசாம்பாள் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து அவள் நெய்யும் முதல் புடவை, முந்தானை ஓடிக்கொண்டிருந்தது. "வாங்கண்ணா, பொட்டி நல்லா ஓடுதுண்ணா," என்றாள். கழற்றினால் பிசகு அவள் புடவையில் விழும், அவள் பேரில் எழுதப்படும். பெட்டியைத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். கழற்றவில்லை என்பதை சிவப்பிரகாசத்திடம் சொல்லவும் இல்லை.

நானாக இருந்தால் கழற்றியிருப்பேன் என்று கத்தினேன். சொல்வது சுலபம், மோட்டாரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவன் நான்தானே.

சிவப்பிரகாசம் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனிக்குக் காவலாளாகப் போனார். இரண்டு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் எங்களைப் பார்த்து நின்றார்.

"இப்ப அந்தத் தறி எப்பிடிப் போவுது ஜோசப்பு?"

"நல்லாப் போவுதுங்க. ஒரு பிசகு இல்ல."

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"அப்ப என் கைதான்போல," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.