அந்தத் தட்டில் வளர்ந்தது என்ன

சபை இதழுக்கு ஒரு சாட்சி எழுதித் தரும்படி பாஸ்டர் ஐயா என்னிடம் பலமுறை கேட்டுவிட்டார். நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சாட்சி என்றால் சுகம் பெற்றவர்கள் சொல்வது. படுக்கையிலிருந்து எழுந்து வந்தவர்கள் சொல்வது. என் வீட்டில் யாரும் எழவில்லை. என் கணவர் சாலமோன் முப்பத்தெட்டு வயதில் இறந்துவிட்டார். அவர் பிழைக்க வேண்டும் என்று நான் அழுது கேட்டது எதுவும் நடக்கவில்லை. அதனால் இது மற்ற சாட்சிகளைப் போல இருக்காது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. நான், அவர், எங்கள் மகள் ஜாய், என் மாமியார் பாக்கியம். அத்தை காசிமேட்டில் மீன் எடுத்துவந்து மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர். நான் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தவள். டோல்கேட் பக்கம் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுப்பது, சர்க்கரை பார்ப்பது, ரிப்போர்ட் அடிப்பது என்று வேலை. எங்கள் பக்கத்தில் லேப் படிப்பு படித்தால் அவ்வளவுதான் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அவருக்கு மணலியில் குழாய் பதிக்கும் காண்ட்ராக்டில் சூப்பர்வைசர் வேலை. சூப்பர்வைசர் என்று பேர்தான். ஆள் குறைந்தால் அவரே பள்ளத்தில் இறங்கிவிடுவார். சர்க்கரை இருக்கிறது, சேற்றில் நிற்காதீர்கள் என்று சொன்னால் சிரிப்பார்.

அந்த வருடம் நவம்பர் மழையில் மணலி முழுக்கத் தண்ணீர் நின்றது. வேலை நிற்கவில்லை. மழை விட்ட பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வைரல் காய்ச்சல் என்றார்கள். மாத்திரை சாப்பிட்டார், குறையவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு திட்டு தெரிந்தது. சளியில் டி.பி. கிருமி தெரியவில்லை, ஆனாலும் டி.பி. போலத்தான் இருக்கிறது என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். அவர் அந்த மாத்திரைகளை ஒரு வேளை கூடத் தவறவிடவில்லை. ஜாய் பக்கத்தில் வரக்கூடாது என்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டார். குழந்தை கதவுக்கு வெளியே நின்று அப்பாவுக்குப் பாட்டு பாடும். உள்ளேயிருந்து அவர் கை தட்டுவார். கடைசி நாட்களில் அந்தக் கைதட்டலும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே அவருடைய ரத்தத்தை கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் இருக்கும் கிருமியை ஒரு தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை அது. ஏதோ வளர்ந்தது. ஆனால் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் இல்லை. வெளியிலிருந்து கலந்த அழுக்காக இருக்கலாம், மறுபடி ரத்தம் அனுப்பவும் என்று மட்டும் இருந்தது. மறுபடி அனுப்புவதற்குள் அவருக்கு செயற்கை சுவாசக் கருவி வைத்துவிட்டார்கள். சபையில் எல்லாரும் உபவாசம் இருந்தீர்கள். நான் ஐ.சி.யூ. வாசலில் தரையில் முழங்காலில் இருந்தேன். புது வருடம் பிறந்த இரண்டாம் வாரத்தில் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது அத்தை என்னைப் பார்த்தார். அழுகை வற்றிப்போன முகம்.

"லேபு லேபுன்னு ஊருக்கெல்லாம் ரத்தம் எடுத்துகினு கீறியே. எம்புள்ளைக்கு இன்னா வந்துச்சின்னு உன்னால சொல்ல முடியல. அப்புறம் இன்னா பெரிய படிப்பு படிச்ச நீ?"

அவர் கேட்டது சரிதானே என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் குழந்தை மூலமாகத்தான் பேசிக்கொண்டோம். அத்தை சபைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

மார்ச்சில் அந்த ஆஸ்பத்திரி லேபுக்கே போய், அந்தத் தட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். ஜன்னலில் இருந்த பெண் பாவம், தன்மையாகத்தான் பதில் சொன்னாள். "அதெல்லாம் அப்பவே அழிச்சிடுவாங்க மேடம். வெச்சிருக்க மாட்டோம்." எனக்கும் தெரியும். எல்லா லேபிலும் அப்படித்தான். ஆனாலும் அந்த ஜன்னலை விட்டு என்னால் நகர முடியவில்லை. அவர் உடம்பிலிருந்து கடைசியாக எதையாவது சொல்ல முயன்றது அந்தத் தட்டு ஒன்றுதான். அதையும் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு என் ஜெபம் ஒரே வரியாகச் சுருங்கிப்போனது. ஆண்டவரே, அந்தத் தட்டில் வளர்ந்தது என்னவென்று மட்டும் சொல்லும். ஆறுதல் கேட்கவில்லை. பெலன் கேட்கவில்லை. பஸ்ஸில், லேபில், சோறு வடிக்கும்போது, இதே வரி. பைத்தியம் மாதிரி இருக்கிறதே என்று எனக்கே பயமாக இருந்தது.

என்னோடு லேபில் வேலை பார்த்தவள் பாத்திமா. தனக்கு வேறு வேலை தேடிக்கொண்டிருந்தவள் ஒருநாள் மத்தியானம் தன் போனை என் முன்னால் நீட்டினாள். பொதுச் சுகாதார ஆய்வகப் பயிற்சிக்கு ஃபெலோஷிப் என்று ஒரு அறிவிப்பு. சம்பளத்தோடு இரண்டு வருடப் பயிற்சி. முதல் வருடம் வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில். இரண்டாம் வருடம் சென்னையில். ஒரு பகுதியில் எந்த நோய் பரவுகிறது, அதை ஆய்வகம் எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பார்கள். இப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. வயது வரம்பைப் பார்த்தேன். எனக்கு அதுதான் கடைசி வருடம்.

"எனக்கு வேணாம் பாத்திமா. கொழந்தைய விட்டுட்டு எங்க போறது?"

"இன்னா எஸ்தரு நீ. எப்ப பாரு அந்தத் தட்டு, அந்தத் தட்டுன்னு பொலம்பிகினு கீற. அந்தத் தட்ட ஒழுங்கா பாக்கறதுக்குத்தான் இந்த வேலையே. போடு. கெடைக்கலன்னா பேஜாரு வுட்டுச்சுன்னு இரு."

அவளே என்னை உட்காரவைத்து விண்ணப்பிக்க வைத்தாள். வீட்டில் நான் சொல்லவில்லை.

ஆகஸ்டில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருடம் ஒரே மாதிரி வேலை பார்த்துவிட்டு இப்போது ஏன் இது என்று கேட்டார்கள். இங்கிலீஷில் ஒரு பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது ஒரு வார்த்தை கூட வரவில்லை. தமிழில் என் கணவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். காய்ச்சல், எக்ஸ்ரே, டி.பி. மாத்திரை, அழுக்கு என்று எழுதிய ரிப்போர்ட். நடுவில் நிறுத்தவும் முடியவில்லை.

ஓரத்தில் இருந்த ஒரு டாக்டர் அம்மா கேட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார்?"

"குழாய் போட பள்ளம் தோண்டற வேலை மேடம். மணலியில."

"மழை சமயமா?"

"ஆமா மேடம். தண்ணி நின்னுச்சு."

"சர்க்கரை இருந்ததா?"

"இருந்துச்சு."

அவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். பிறகு, "நான் உறுதியா சொல்லக்கூடாதும்மா. அந்தத் தட்ட நான் பாக்கல. ஆனா மெலியாய்டோசிஸ்னு ஒண்ணு இருக்கு. அந்தக் கிருமி மண்ணுலயும் தேங்கின தண்ணியிலயும் இருக்கும். சர்க்கரை இருக்கறவங்கள அதிகமாத் தாக்கும். பாக்க டி.பி. மாதிரியே இருக்கும். தட்டுல வளர்ந்தாலும் பழக்கம் இல்லாதவங்க அழுக்குன்னு விட்டுடுவாங்க" என்றார்கள்.

"அதுக்கு மருந்து இருக்கா மேடம்?"

"இருக்கு. வேற மருந்து. பல வாரம் ஊசி போடணும், அப்புறம் மாசக்கணக்கா மாத்திரை. சிலர் மருந்து குடுத்தும் போயிடறாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா நிறைய பேர் பொழைக்கறாங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். என் பஸ் வந்து வந்து போனது. நான் ஏறவில்லை. இத்தனை மாதம் கேட்டதற்குக் கர்த்தர் பதில் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் வாயால் சொன்னார். ஆனால் எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. மருந்து இருந்திருக்கிறது. அவர் டி.பி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு, குழந்தையைத் தொடாமல், தப்பான நோயோடு சண்டை போட்டுச் செத்திருக்கலாம். இதையா நான் கேட்டேன் என்று அந்த ரோட்டில் உட்கார்ந்து கர்த்தரோடு கோபமாகப் பேசினேன். அன்றைக்கு என்னிடம் இருந்த விசுவாசம் அவ்வளவுதான். கோபமாவது படுகிறேனே, பேசாமல் இல்லையே என்று அவர் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

செப்டம்பரில் தேர்வாகிவிட்டேன் என்று தகவல் வந்தது. போவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஆனால் அந்த நோயின் பெயரை அத்தையிடம் மறைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர் பெற்ற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை பின்கட்டில் வீட்டுக்கு மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. செதிள் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு மருந்து கீதா?"

"இருக்கு அத்த."

கை நின்றது. "அப்ப எம்புள்ள பொயச்சிருப்பானா?"

"தெரியல அத்த. அதுதானான்னே உறுதியா தெரியாது. அதுவா இருந்து, முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா பொழச்சிருக்கலாம்."

அத்தை எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அலறினார். மகனை அடக்கம் செய்த அன்று கூட அவர் அப்படி அலறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மீன் வாடை அடிக்கும் அந்தக் கையால் அவர் என் தலையை அழுத்தி வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். ஜாய் வந்து எங்கள் நடுவில் புகுந்துகொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்தப் படிப்புக்கு எப்ப போவணும்?"

"போகலன்னு சொல்லிடப் போறேன் அத்த. ஜாய யாரு பாக்கறது?"

"நான் செத்தா பூட்டேன்? கொயந்தய நான் பாத்துக்கறேன். நீ போ." பிறகு குரல் இறங்கிப்போய், "அன்னிக்கு வாய்க்கு வந்தத சொல்டேன், எஸ்தரு" என்றார்.

அன்பானவர்களே, எனக்கு நடந்த அற்புதம் இதுதான். ஒரு வீட்டில் இரண்டு பிணங்களைப் போல நடமாடிக்கொண்டிருந்த எங்களைக் கர்த்தர் மறுபடி ஒருவரை ஒருவர் தொட வைத்தார்.

நான் போனேன். அந்த ஒரு வருடம் சுலபமாக இல்லை. என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். வேகமாகப் படித்தார்கள். நான் தடுமாறினேன். முதலில் தினமும் போனில் அழுத ஜாய், பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் வலித்தது. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று அத்தை சொன்னபோது ஊருக்குத் திரும்பிவிடப் பையைக் கூடக் கட்டிவிட்டேன். "சாதா ஜொரந்தான், டாக்டராண்ட காட்டிட்டேன், நீ படி" என்று அத்தை அதட்டினார்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த ஆய்வகத்துக்கு ஒரு நோயாளியின் ரத்தம் வந்தது. செங்கல் சூளையில் வேலை செய்பவர். சர்க்கரை உண்டு. தட்டில் வளர்ந்ததை எங்கள் பொறுப்பாளர் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து எனக்குக் காட்டினார். சுருங்கிய தோல் மாதிரி, காய்ந்த பூ மாதிரி இருந்தது. சோதனை எல்லாம் முடிந்து உறுதியானது. அன்றைக்கே வார்டுக்குச் சொல்லி மருந்தை மாற்றினார்கள்.

பல வாரம் கழித்து அவருடைய மனைவி ஒரு ரிப்போர்ட் வாங்க எங்கள் ஜன்னலுக்கு வந்தார். கணவர் குணமாகி வீட்டுக்குப் போகிறார் என்று சொன்னார். நான் யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. "நீ சாப்புட்டியாம்மா, மொகம் வாடிக் கெடக்கே" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதினால் அது பொய். அவள் புருஷன் வீட்டுக்குப் போகிறான், என் புருஷன் ஏன் போகவில்லை என்றுதான் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த தட்டைப் பார்த்தேன்.

இப்போது பயிற்சி முடிந்து வடசென்னையிலேயே ஒரு பொதுச் சுகாதார ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மழைக்கு முன்னால் சின்ன லேப்களுக்கெல்லாம் போய், இப்படி வளர்ந்தால் அழுக்கு என்று போட்டுவிடாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

நம் சபையில் லேப் படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். நர்சிங் படித்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் படிப்புக்கு ஊசி குத்தும் வேலை மட்டும்தான் என்று இருந்துவிடாதீர்கள். இப்படிப் பயிற்சிகள் அரசாங்கத்திலும் வெளியிலும் வருகின்றன. தேடுங்கள். வயது தாண்டுவதற்குள் விண்ணப்பியுங்கள். என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுத உதவுகிறேன். சர்க்கரை உள்ளவர்கள் மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

என் கணவருக்கு வந்தது அதுதானா என்று எனக்கு இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. அதோடுதான் வாழ்கிறேன்.

போன மாதம் அத்தை சபைக்கு வந்தார். விண்ணப்ப ஜெப நேரத்தில் யாரும் எதிர்பார்க்காமல் எழுந்து நின்றார். "மய வரப் போவுது. பள்ளத்துல எறங்கி வேல செய்ற புள்ளைங்களுக்காக ஜெபிங்க" என்றார். தன் மகன் பெயரைச் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்ததும் நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கேட்டது கிடைக்காமல் உங்களில் யாராவது இங்கே இருப்பீர்கள். கைதட்டிப் பாட முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களைப் பாடச் சொல்லி நான் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்து உட்காருங்கள். அழுதால் அழுங்கள். கர்த்தர் அங்கேயும் இருக்கிறார். எங்களுக்கு அது தெரியும்.