கொரோனாவுக்கு முன்னாடியே போனவர்

என் மாமனாரைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "குடுத்து வச்ச மனுசன், கொரோனாவுக்கு முன்னாடியே போயிட்டாரு." ஊர் திரண்டு வந்து, மேளம் அடித்து, பூ இறைத்துத் தூக்கிப்போன கடைசிச் சாவு அவருடையது. அதன்பிறகு செத்தவர்களை நாலு பேர் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. அந்த வாக்கியம் காதில் விழும்போது நான் பெரும்பாலும் அடுப்படியில் இருப்பேன். எதையாவது உருட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டி வைப்பேன். ஆமாம் என்று வாய் திறந்து சொன்னதில்லை. அவர் கொரோனாவுக்கு முன்னாடி போனாரா, கொரோனாவில் போனாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் பெரம்பலூர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். வாக்கப்பட்டது குன்னம் பக்கத்துக் கிராமம் ஒன்றில். தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். கணவருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. காடு கழனி எல்லாம் மாமாவும் அத்தையும்தான். கிணறு இருந்ததால் சின்ன வெங்காயம் போடுவார்கள். தை மாதம் அறுவடை முடிந்ததும் நல்ல வெங்காயமாகப் பார்த்து விதைக்கு ஒதுக்கி, காட்டிலேயே பட்டறை போட்டு வைப்பது வழக்கம். கல் அடுக்கி, மூங்கில் பரப்பி, சுற்றிலும் சோளத்தட்டை கட்டி, வெங்காயத்தைக் காய்ந்த இலைத்தாளோடு அடுக்கி மேலே கீற்று வேய்ந்துவிடுவார்கள். வைகாசியில் நடும்வரை அது கெடாமல் இருக்க வேண்டும்.

பட்டறையைக் கண்ணால் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அழுகல் நடுவில்தான் ஆரம்பிக்கும். வெளியே தண்ணீர் கசிவதற்குள் பாதி போயிருக்கும். அதனால் காலையும் மாலையும் போய், தட்டை இடுக்கில் முகத்தை வைத்து மோந்து பார்க்க வேண்டும். கெட்ட வாடை லேசாக வந்தாலே பிரித்துப் பொறுக்கிவிடுவார்கள். அந்த வேலை பெண்களுடையது. அத்தை முப்பது வருசமாகச் செய்தது. முட்டிவலி வந்து நடக்க முடியாமல் போனதும் என்னிடம் வந்தது. மாமா தினமும் காட்டில் இருப்பவர்தான். ஆனால் மூக்குப்பொடி போடுகிறவர். அவர் மூக்கை அந்த வீட்டில் யாரும் கணக்கில் சேர்த்ததில்லை, அவரும் சேர்த்ததில்லை.

ஊரடங்கு வந்த அந்த வருசம் தை மாதக் கடைசியில் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரக் கல்யாணம். அத்தையும் நானும் போனோம். பெண் வீட்டில் பாதிப் பேர் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். பந்தியில் யாரோ சீனாக் காய்ச்சல் பற்றி எடுக்க, அதற்கெல்லாம் நம்ம ரசம் போதும் என்று இன்னொருவர் சொல்ல, நாங்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டோம். அறிவியல் டீச்சரான நானும்தான் சிரித்தேன்.

வந்த வாரமே எனக்குக் காய்ச்சல். உடம்பை அடித்துப் போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல். டவுன் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, டெங்குவும் இல்லை, டைபாய்டும் இல்லை, ஏதோ வைரல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். காய்ச்சல் விட்டதும் எழுந்து பள்ளிக்கூடம் போனேன். பட்டறைக்கும் போனேன். முகத்தை வைத்து மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. வாடை இல்லை என்றால் அழுகல் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"நல்லாருக்குங்கத்தை" என்று வந்து சொன்னேன். தினமும் அதையே சொன்னேன். நல்ல வெங்காயத்துக்கும் ஒரு நெடி உண்டே, அதுவும் வரவில்லையே என்று எனக்குத் தோன்றவில்லை. மூக்கு அடைத்திருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும். மூச்சு தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் பக்கத்துக் காட்டுக்காரம்மா மாமாவைக் கூப்பிட்டு, "என்னங்க ஒங்க பட்டறை இப்புடி நாறுது, வழியில போவ முடியல" என்றாள். பிரித்தால் நடுப்பகுதி முழுக்கக் கூழ். எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு வாசமே இல்லாமல் போயிருப்பது உறைத்தது. ஓடிவந்து அத்தையிடம் சொன்னேன்.

"எனக்கு வாசமே தெரியலங்கத்தை. கொஞ்ச நாளாவே தெரியல போலருக்கு."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தது. "மூக்கு நல்லாருக்கறவளுக்கு வாசம் தெரியாமப் போவுமா? காட்டுப் பக்கமே போயிருக்க மாட்ட. இங்கேருந்தே நல்லாருக்கு நல்லாருக்குன்னுருக்க."

அதோடு நான் சோம்பேறி ஆனேன். வருகிற போகிறவர்களிடமெல்லாம் அத்தை அதைச் சொல்லிச் சிரிக்கும். என் கணவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு ஆத்திரமாக வரும். என்ன சொல்லி நிரூபிப்பது?

மாமா மட்டும் சிரிக்கவில்லை. "வுடு தாயி, ஒக்காந்து பொறுக்குனா பாதி தேறும்" என்றார். நானும் அவரும் காட்டுக் கொட்டகைக்குள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து பொறுக்கினோம். பொடி போட்ட அந்த மூக்குக்கே எட்டிவிட்ட நாற்றம். அவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் எதையும் கட்டாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்த நாத்தத்துல மயக்கம் போட்டுருவ, கட்டிக்க" என்று அவிழ்த்து என்னிடம் நீட்டினார். எனக்கு எதற்கு அந்தத் துண்டு? ஆனால் வேண்டாம் என்றால் மறுபடியும் வாசம் தெரியாத கதையைச் சொல்ல வேண்டும். அவரும் நம்பாவிட்டால் தாங்காது. வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாற்றம் தாங்காதவள் மாதிரி முகத்தைக்கூடச் சுளித்தேன். பொழுது சாயும்வரை அந்தத் துண்டுக்குள்ளேயே இருமிக்கொண்டிருந்தேன். எழும்போது திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை உதறி, முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் போய் அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். பிறகு மூச்சிரைப்பு. திருச்சிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, வயசாகிவிட்டது என்றார்கள். மாசி முடிவதற்குள் உயிரில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தோம். எங்கள் பக்கம் சாவுக்கு வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் வீட்டுப் பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். மருமகளாயிற்றே, என்னை எத்தனை பேர் கட்டிக்கொண்டு அழுதார்களோ தெரியாது. காரியம் முடிந்த கையோடு நாடே அடைபட்டது.

ஊரடங்கில் ஒரு நாள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனையும் ருசியும் திடீரென்று தெரியாமல் போவது இந்த நோயின் அறிகுறி என்று ஒரு டாக்டர் சொன்னார். நான் துள்ளி எழுந்தேன். வெட்கமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்: முதலில் எனக்கு வந்தது சந்தோசம். பார்த்தீர்களா, நான் சோம்பேறி இல்லை, பொய் சொல்லவில்லை என்று அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து டி.வி. முன்னால் நிறுத்தத் தோன்றியது. "அத்தை" என்று கூப்பிட்டும் விட்டேன். அப்போதுதான் டி.வி.க்கு மேலே மாலை போட்ட மாமாவின் படம் கண்ணில் பட்டது.

"என்னா?" என்று உள்ளேயிருந்து அத்தை கேட்டது.

"ஒண்ணுமில்லீங்கத்தை."

எனக்கு வந்தது கொரோனா என்றால், வெங்காயத்துக்கு நான் பொறுப்பில்லை, மாமா செத்ததுக்கு நான்தான் பொறுப்பு. கொரோனா இல்லை என்றால், மாமா தன் விதி முடிந்து போனவர். நான் வேலைக்கு வணங்காத மருமகள். இரண்டில் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. எது என்று நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். அதன்பிறகு அத்தை சோம்பேறிக் கதையை எடுத்தால் நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பட்டம் என் பெயரில் இருக்கும்வரை யாரும் வேறு எதையும் யோசிக்க மாட்டார்கள்.

ஆனால் என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு தடவை டவுனில் லேபுக்குப் போய், முன்னாடியே வந்து போயிருந்தால் ரத்தத்தில் தெரியுமா என்று கேட்டேன். தெரிய வாய்ப்பிருக்கு, எதுக்குங்க மேடம் என்றார் அங்கிருந்தவர். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது ஊசியும் போட்டாகிவிட்டது. இனி எந்தப் பரிசோதனையும் ஒன்றும் சொல்லாது. அப்போதே ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கலாம், பார்க்கப் பயந்தேன். அந்த மாசியில் நம்மூர்ப் பக்கம் ஏது கொரோனா, உனக்குத்தான் கிறுக்கு என்று யாராவது அடித்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஏங்கியிருக்கிறேன். அதைக்கூட யாரிடமும் கேட்டதில்லை.

இரண்டாவது அலையில் அத்தைக்கு வந்தது. பரிசோதனையில் உறுதியானது. வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். நான்தான் கூடவே இருந்தேன். அதன் எச்சில் பாத்திரம் எல்லாம் கழுவினேன். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அத்தை பிழைத்துக்கொண்டது. காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த ஒரு மத்தியானம், ரசம் சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மோந்து பார்த்தது.

"ஏம்மா, ஒண்ணு கேக்குறேன்" என்றது. "பட்டறை அழுவுனப்ப வாசம் தெரியலன்னு சொன்னியே, அது நெசந்தான?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வருசமாகப் பொருமிக்கொண்டிருந்தேன். இப்போது வந்தேவிட்டது. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி மாமாதான்.

"இல்லீங்கத்தை. திட்டுவீங்கன்னு சும்மா சொன்னேன். ஸ்கூல் வேலைல காட்டுப் பக்கம் சரியாவே போவல."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்கத்தை."

திட்டும் என்று எதிர்பார்த்தேன். அத்தை சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது.

"ஒனக்குத்தான் மொதல்ல வந்துருக்கும், ஒன்கிட்டேருந்து அவருக்குப் போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டுருந்தேன். கேட்டா நீ மனசு ஒடஞ்சு போவியேன்னுதான் கேக்கல. தெரிஞ்சா செஞ்ச? யாருக்குத் தெரியும் அப்ப?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. "அவரு கடைசியில பொடிய வேணாம்னுட்டாரு. மண்ண உறியற மாதிரி இருக்குன்னாரு. எனக்கு இப்ப எப்புடி இருக்கோ, அதேதான். அப்ப அவருக்கு இதுதான் வந்துருக்கு. நீ குடுக்கலன்னா நாந்தான் குடுத்துருக்கணும். எனக்கும் அப்ப தொண்டை கரகரன்னு இருந்துச்சு. மண்டபத்துல அந்தச் சிங்கப்பூர்ப் புள்ளைய மடியவுட்டு எறக்கலையே நான்."

"அப்ப நம்மூருல ஏதுங்கத்தை கொரோனா?" என்றேன். அத்தை காதில் வாங்கவில்லை. அதன் உடம்புக்கு வந்து போன நோயைப் பற்றி நான் அதற்கு என்ன சொல்ல முடியும்?

ஒரு வார்த்தை போதும். எனக்கும் வாசம் தெரியவில்லை அத்தை என்று சொன்னால் போதும். நான் கேட்பதற்கு முன்பே அது என்னை மன்னித்துவிட்டது. மன்னித்துவிட்டு, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறது. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்று சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு உடம்பு தேறட்டும் என்றிருந்தேன். தேறி, நடமாடி, இப்போது வருசங்கள் ஆகிவிட்டன. சொன்னால் இத்தனை வருசம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கும்.  ஊருக்கு நான் இன்னும் சோம்பேறிதான். அத்தை மட்டும் அந்தக் கதையை இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

மாசியில் மாமாவுக்குத் தெவசம் கொடுப்போம். சமையல் எல்லாம் அத்தைதான், யாரையும் கிட்டே விடாது. முதல் தெவசத்தில் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்ததும் அதுதான். அந்த மத்தியானத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் வாசற்படிவரை கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றுகொள்கிறது.

"நீ வையிம்மா" என்கிறது. "என் கையால அவருக்கு வேணாம்."

நான்தான் வைக்கிறேன்.