கரையிலேயே பயப்படச் சொன்னவர்

வெள்ளிக்கிழமை காலை, பத்து மணித் தேநீருக்காக ஆலையில் தேயிலை அரைக்கும் ரோலரை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மரியதாஸ் அண்ணனின் மனைவி ரோசம்மா அக்கா அழவில்லை. "பாசு, அவரு போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு" என்றார். ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் என் வாயில் வந்தது, "திங்கக்கிழம படக யாரு ஓட்டுவாங்கக்கா?" என்பதுதான். அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

ஆனால் அந்தப் படகில் போய்வந்த உங்களுக்கு என் பதற்றம் புரியும். கொத்மலை நீர்த்தேக்கத்தின் ஒரு கரையில் நாம் குடியிருக்கும் தோட்டத்து லயங்கள். மறுகரையில் பள்ளிக்கூடம், கிளினிக், நான் எந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கும் தேயிலை ஆலை; அதனால்தான் எல்லோருக்கும் நான் 'பாசு'. ரோட்டால் சுற்றினால் ஒன்றரை மணி நேரம். பதினெட்டு வருடம் நம்மைக் கால் மணியில் அக்கரை சேர்த்தவர் மரியதாஸ் அண்ணன். கிளம்புமுன் ஸ்டியரிங்கை இடக்கோடி வரை, வலக்கோடி வரை, மூன்று தடவை திருப்பிப் பார்ப்பார். "அண்ணன் ஆரத்தி எடுத்தாத்தான் போட்டு நகரும்" என்று எத்தனை நாள் கேலி பண்ணியிருக்கிறோம். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவர் போனபின் எனக்கு மட்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு தை மாதம். "பாசு, காலையில ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குங்க. வெயில் ஏறுனா லேசாயிருது. என்னன்னே புரியல" என்றார். நான் விடுவேனா? ஆலையில் பெரிய பெரிய எந்திரங்களையே கழற்றிப் பூட்டுகிறவன் ஆயிற்றே. ஸ்டியரிங்கிலிருந்து போகும் கேபிளின் முனைக் கம்பி, படகின் பின்பக்கம் தொங்கும் எஞ்சினுக்கு முன்னாலுள்ள ஒரு குழாய்க்குள் போய்வந்தால்தான் எஞ்சின் திரும்பும். அந்தக் குழாய் நிறைய, ஆலையில் தேயிலை உலர்த்தும் ட்ரையருக்குப் போடும் கிறீஸை அப்பினேன். "எந்தச் சூட்டுக்கும் உருகாத சாமானுங்க" என்று பெருமையடித்தேன். முன்பு ஒருமுறை அதே கிறீஸைக் கொஞ்சமாகப் போட்டதும் நான்தான், ஸ்டியரிங் இறுகியதே அதனால்தான் என்பதை அப்போது யோசிக்கவேயில்லை.

மறுநாள் கிளினிக். என் மனைவி செல்வி எட்டு மாதக் கர்ப்பிணி. அந்தப் படகில் வந்துகொண்டிருந்தாள். நான் ஆலைப் பக்கத்து இறங்குதுறையில் காத்து நின்றேன். தண்ணீர் வற்றிப் பாறைகள் தலைகாட்டிய காலம். பனியைக் கிழித்துக்கொண்டு வந்த படகு, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேராகப் பாறைகளைப் பார்த்து வந்தது. அண்ணன் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவது தெரிந்தது. எஞ்சின் சத்தம் நின்றது. காற்று படகைப் பக்கவாட்டில் பாறைப் பக்கம் தள்ளத் தொடங்கியது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. செல்வியின் சிவப்புச் சால்வை மட்டும் கண்ணில் இருந்தது.

அண்ணன் பின்பக்கம் ஓடிக் குனிந்தார். கேபிளையும் எஞ்சினையும் இணைக்கும் தண்டைக் கழற்றி எறிந்தார். எஞ்சினை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் திருப்பினார்; திரும்பியது. "டீச்சர், சாவியப் போட்டு, அந்தப் பிடிய மெல்லமா முன்னுக்குத் தள்ளுங்க!" என்று அவர் போட்ட சத்தம் கரை வரை கேட்டது. முன்னாலிருந்த டீச்சர் தள்ள, பாறைக்கு இரண்டு ஆள் தூரத்தில் படகு விலகி வந்தது.

எல்லோரும் இறங்கிப் போனபின் கேபிளை உருவினோம். கம்பியோடு வந்த கிறீஸ் மெழுகுபோல் இறுகிக் கிடந்தது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது நம்ம ஆலை ஸ்டோரு கிறீஸுதானே?"

"ஆமாங்கண்ணே."

"சூட்டுல உருகாத சாமானு, இந்தக் குளிருல எப்பிடிங்க அசையும்?"

அவ்வளவுதான் கேட்டார். மண்ணெண்ணெய் ஊற்றிக் குழாயைக் கழுவினார். படகுக்கென்றே விற்கிற கிறீஸை நீர்கொழும்பிலிருந்து வரவழைத்து, கம்பியில் மெல்லிசாகத் தடவினார். ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. அன்றிலிருந்துதான் கிளம்புமுன் அந்த மூன்று தடவை.

தோட்ட ஆபீஸ் விசாரணையில், "பாத்துக்காதது என் தப்புத்தாங்க" என்றார். பதினைந்து நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உண்மையைச் சொல்ல நான் மூன்று தடவை ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பினேன். கோழை. "ஏண்ணே என்னைக் காட்டிக் குடுக்கல?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒங்க பொஞ்சாதி அதுல இருந்தாங்க. அத விடவா ஒங்களுக்குத் தண்டன குடுக்கணும்?" என்றவர், கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "பயப்புடுங்க பாசு, தப்பில்ல. ஆனா கரையிலயே பயந்துருங்க. தண்ணிக்குப் போய் பயந்து என்னத்த?"

இந்தத் திங்கட்கிழமை லயத்துப் பக்கத்துத் துறையில் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். செல்வி இருந்தாள், அன்று அவள் வயிற்றிலிருந்த என் மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். புதிதாக வந்த ஓட்டுநர் சாவியில் கை வைத்தார்.

"தம்பி, ஒருக்கா ஸ்டியரிங்க முழுசாத் திருப்பிப் பாருங்க."

"நேத்தே பாத்தாச்சு பாசு. ஸ்கூல் மணி அடிச்சிரும்."

"மரியதாஸ் அண்ணன் ஒங்க மேல ஏறிட்டாரா பாசு?" என்று யாரோ சிரித்தார்கள். கரையில் நின்று பிடித்திருந்த படகின் கயிற்றை நான் விடவில்லை. "அன்னிக்கு அந்தக் கிறீஸ வச்சது நாந்தாங்க. அண்ணன் இல்ல" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். செல்வி என்னைப் பார்த்தபடியே எழுந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கி நின்றாள்.

ஓட்டுநர் திருப்பினார். இடக்கோடி, வலக்கோடி, மூன்று தடவை. இலேசாகத்தான் இருந்தது. அதன்பிறகே செல்வி மகளை ஏற்றி, தானும் ஏறினாள். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

மரியதாஸ் அண்ணன் ஒன்பது வருடம் சுமந்த என் தப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவருடைய பயத்தையும் நானே வைத்துக்கொள்கிறேன். நாளைக் காலையும் கயிற்றைப் பிடித்தபடி கரையில் நிற்பேன். கேலி பண்ணுகிறவர்கள் பண்ணிக்கொள்ளலாம்.