ஒரு பக்கம் மட்டும் கனத்த பந்தயக் கார்

அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் சாலையோரம் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. அதன் மொட்டைமாடியில் மஞ்சள் பெயின்ட் அடித்த கார் ஒன்று, சாலையை எட்டிப் பார்ப்பதுபோல் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை. நடுவில் ஒரே ஒரு இருக்கை. டீ குடிக்க வண்டியை நிறுத்திய நான் டீயை அப்படியே வைத்துவிட்டு ஏணியில் ஏறினேன்.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு வேலை செய்யும் லேத் பட்டறை என்னுடையது. ஒரு இரும்பு வேலையைப் பார்த்தால், செய்தவர் அவசரத்தில் செய்தாரா நிதானமாகச் செய்தாரா என்று சொல்லிவிடுவேன். இருபத்தைந்து வருடமாக எனக்குச் சோறு போடுவது அதுதான். மேலே போய்க் குனிந்து பார்த்தேன். விரல் தடிமன் குழாய்களால் ஆன கூடு. ஒவ்வொரு இணைப்பிலும் பித்தளைப் பற்றவைப்பு, நூல் பிடித்ததுபோல் சீராக ஓடியிருந்தது. இருக்கைக்குப் பின்னால் எஞ்சின் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. யாரோ இதை வேகமாக ஓட்டுவதற்காகவே செய்திருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பள்ளியின் உரிமையாளர் கீழே இருந்து குரல் கொடுத்தார். "மேடம், அது சும்மா விளம்பரத்துக்கு வச்சது. எங்கப்பா பொருட்காட்சிக்காரங்க கிட்ட வாங்கி ஏத்திட்டாரு. உள்ள ஒண்ணுமே இல்ல."

"எனக்குக் குடுங்களேன்."

"எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?"

"ஓட்டுவனுங்க."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் பயிற்சிக்கு வைத்திருந்த அவருடைய ஜீப்பின் கியர்பாக்ஸ் அரைத்துக்கொண்டிருந்தது. அதை நான் பிரித்துச் சரிசெய்து தருவது, அதற்குப் பதிலாக மாடியில் இருப்பதை நான் எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். இரண்டாவது வாரம் கிரேன் வைத்து இறக்கினேன்.

பட்டறையில் பெயின்டைச் சுரண்டியபோது மஞ்சளுக்கு அடியில் வெள்ளி நட்சத்திரங்கள் தெளித்த சிவப்பு வந்தது. சிவப்புக்கு அடியில் நீலம். நீலத்தின் மேல் ஒரு வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் ஏழு என்ற எண். அதுவரை எல்லாம் புரிந்தது. புரியாதது கூட்டின் இடது பக்கம். அங்கே மட்டும் மூன்று கனமான குழாய்கள் கூடுதலாக ஒட்டப்பட்டிருந்தன. இருக்கையின் இடது ஓரத்தில், உட்கார்ந்தவரின் விலாவைத் தாங்குவதுபோல் ஒரு வளைந்த தகடு. இருக்கையை ஒரு சாண் முன்னால் நகர்த்தியிருந்தார்கள். பெடல்கள்மேல் மரக்கட்டை வைத்து போல்ட் போட்டிருந்தார்கள்.

என் வெல்டர் தலையைச் சொறிந்தார். "ஏனுங்கக்கா, ஒரு பக்கத்துக்கு மட்டும் எதுக்குங்க இத்தன இரும்பு?"

இரண்டு நாள் அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஓட்டியவர் குள்ளமானவர். வண்டியின் பாரம் எந்நேரமும் இடது பக்கம் இழுத்திருக்கிறது. ஓட்டியவரும் இடது பக்கம் சரிந்தபடியே உட்கார்ந்திருக்கிறார். சாலையிலோ பந்தயத் தடத்திலோ அப்படி ஒரு வண்டி ஓடாது. பொருட்காட்சி என்று டிரைவிங் ஸ்கூல்காரர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மரணக் கிணறு! பலகையால் கட்டிய பெரிய கிணற்றின் செங்குத்துச் சுவரில், கீழே விழாமல் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டும் விளையாட்டு. இடது கைப் பக்கமாகச் சுற்றினால் வண்டியின் இடது பக்கம்தான் தரையை நோக்கித் தொங்கும்.

எங்கள் ஊர் ரிக் டிரைவர்கள் இந்தியா முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் வண்டியின் படத்தைப் போட்டு, இதை மரணக் கிணற்றில் ஓட்டியவரைத் தெரியுமா என்று கேட்டேன். மறுநாள் ராஜஸ்தானில் துளை போட்டுக்கொண்டிருந்த ஒரு டிரைவர் கூப்பிட்டார். "அக்கா, அது எங்க சின்னம்மா ஓட்டுன வண்டிங்க. மேச்சேரில ஆடு வச்சுட்டு இருக்காங்க."

ஓட்டியவர் ஒரு பெண் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. பட்டறை நடத்தும் நானே நினைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

மேச்சேரிக்குப் போனேன். அறுபதைத் தாண்டிய, என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு அம்மா பட்டியில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இருக்குதா இது? உடைச்சுப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன் சாமி."

பதினோரு வருடம் அதை ஓட்டியிருக்கிறார். பைக் ஓட்டுபவர்கள் இரண்டு பேர், கார் ஓட்ட இவர் ஒருவர். கடைசியில் முதலாளி இறந்துபோக, சேலத்தில் ஆட்டம் கலைந்தது. சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

"முதலாளிக்கு இது எங்க கெடச்சதுங்க?" என்று கேட்டேன்.

"பரமத்திப் பக்கமுங்க. நானுந்தான் கூடப் போனேன். ஒரு தோட்டத்துல கிணத்து மேட்டுல நின்னுச்சு. எஞ்சினுக்கு பெல்ட்டப் போட்டுத் தண்ணி எறைச்சுட்டு இருந்தாங்க. வழி இப்பவும் தெரியும். வாரேன், கூட்டிட்டுப் போங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். வெற்றிலைக் கொடிக்கால் இருந்த இடத்தில் இப்போது தென்னை. ஆனாலும் அந்த அம்மா திருப்பம் தவறாமல் வழி சொன்னார். வீட்டு வாசலுக்கு வந்தவர் எழுபத்து நான்கு வயது விவசாயி, நல்ல உயரம். நீல நிறம், ஏழாம் எண் என்று நான் சொல்லத் தொடங்கியதுமே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்தான் அதன் முதல் சொந்தக்காரர். கல்லூரி முடித்த கையோடு கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் இரண்டு வருடம் பந்தயம் ஓட்டியிருக்கிறார். ஒருமுறை இரண்டாவதாக வந்தார். அடுத்த முறை வைக்கோல் கட்டுகளில் மோதித் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அப்பா வண்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மழை பொய்த்த வருடம் எஞ்சின் கிணற்று வேலைக்குப் போனது. இவர் வேலை தேடி மும்பைக்குப் போனார்.

"திரும்பி வந்தப்ப வண்டியக் காணோமுங்க. எடைக்குப் போட்டாச்சுன்னு அப்பா சொல்லீட்டாரு. அத்தோட அதப்பத்தி நாங்க பேசவே இல்லீங்க."

மேச்சேரி அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "எடைக்குப் போடலீங்க. எங்க முதலாளிகிட்டத்தான் குடுத்தாரு. பையன் வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருங்க, பார்த்தான்னா மறுபடியும் ஏறிக்குவான்னு சொன்னாருங்க. நாலு பேரு தள்ளி லாரில ஏத்துனோம். உங்கப்பா லாரி போற வரைக்கும் தடத்துலயே நின்னுட்டு இருந்தாரு."

பெரியவர் கட்டிலிலிருந்து எழுந்தார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "எப்பப் பாக்கலாமுங்க?" என்று மட்டும் கேட்டார்.

பட்டறைக்கு வந்தவர் கூட்டைத் தடவிப் பார்த்தார். இடது பக்கக் குழாய்களைக் கண்டதும் முகம் மாறியது. "இந்தக் கண்றாவிய வெட்டி எறிஞ்சிருங்க. வண்டியோட லட்சணமே போச்சு. நீலம் அடிங்க, ஏழு எழுதுங்க, நான் ஓட்டுன மாதிரியே பண்ணிருங்க."

மேச்சேரி அம்மா கூடவே நின்றிருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அது இல்லீன்னா நான் இன்னிக்கு இல்லீங்க."

முதல் வருடம், ஈரோட்டில் ஆட்டம் நடக்கும்போது, சுவரின் உச்சியில் வைத்து, கூட்டில் முதலிலிருந்தே இருந்த இடது பக்கக் குழாய் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சக்கரம் சாய்ந்து பலகையில் உரசத் தொடங்கியது.

"எப்படி எறங்குனீங்க?" பெரியவர் அவரை முதன்முறையாக நேராகப் பார்த்துக் கேட்டார்.

"காலை எடுக்கலீங்க. பயந்து ஆக்சிலேட்டர உட்டா உளுந்துருவோம். அதே வேகத்துல இன்னும் மூணு சுத்து சுத்தி, கொஞ்சங் கொஞ்சமா கீழ கொண்டாந்தேன். அன்னிக்கு ராத்திரிக்கே முதலாளி அந்தக் குழாயெல்லாம் வச்சுக் குடுத்தாரு. அடுத்த நாள் ஆறு ஆட்டமுங்க."

"ஆறா?"

"ஞாயித்துக்கிழமைன்னா எட்டுங்க."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று இருவரும் காத்திருந்தார்கள். வண்டி என்னுடையது, முடிவும் என்னுடையது. "குழாய் இருக்கட்டுமுங்க. நீலம் அடிக்கறேன், ஏழும் எழுதறேன்," என்றேன். பெரியவர் தலையாட்டினார்.

பெரியவர் ஓட்டியபோது இருந்த அதே வகை எஞ்சின் ஒன்று சேலத்தில் ஒரு பழைய டாக்ஸியிலிருந்து கிடைத்தது. எட்டு மாதம் பிடித்தது. கிராங்க், பிஸ்டன், ஸ்டியரிங் மூட்டு, அச்சு எல்லாம் என் லேத்தில் கடைந்தேன். ரிக் வேலைகளுக்கு இடையில் கிடைத்த நேரம்தான். என் வேலையில் ஒரு இடத்தில்கூட எண்ணெய் கசியவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பங்குனியில் ஊருக்கு மேற்கே ஏரி வற்றித் தரை கல்போல் இறுகியிருந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். முதலில் பெரியவரைத்தான் உட்காரச் சொன்னேன். ஒரு காலை உள்ளே விட்டார், இன்னொரு காலை விட்டார், முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்து நின்றன. அந்த அம்மாவின் அளவுக்கு நகர்த்திய இருக்கை. திணறி வெளியே வந்தார்.

"நீங்க ஏறுங்கம்மா," என்றார்.

மேச்சேரி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகி உள்ளே இறங்கினார். வண்டிக்கு ஸ்டார்ட்டர் கிடையாது, தள்ள வேண்டும். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் வெல்டர், நடுவில் பெரியவர். தள்ள வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. பத்தடியில் எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்தில் ஏரிக்குள் மேய்ந்த கொக்குகள் மொத்தமும் எழும்பின.

அம்மா முதலில் இடது பக்கமாகவே வட்டமடித்தார். மூன்று வட்டம், நான்கு வட்டம். பழக்கம் கையை விடவில்லை. பிறகு ஸ்டியரிங்கை நேராக்கி, ஏரியின் அந்தக் கரை வரைக்கும் ஒரே ஓட்டமாக விட்டார். புழுதியோடு திரும்பி வந்து நிறுத்தியவரின் பல்லெல்லாம் மண்.

"சாமி, நேரா போறதுக்கு இவ்வளவு நல்லா இருக்குமா?" என்று பெரியவரிடம் கேட்டார். பதினோரு வருடத்தில் அந்த வண்டியை அவர் ஒருநாள்கூட நேராக ஓட்டியதில்லை.

"அதுக்குத்தானுங்க நான் செஞ்சேன்," என்றார் பெரியவர். இருவரும் சிரித்தார்கள்.

மறுவாரமே இருக்கைக்கு அடியில் தண்டவாளம்போல் இரண்டு இரும்புப் பட்டை வைத்து, முன்னும் பின்னும் நகரும்படி செய்தேன். நான்கு போல்ட்டுதான், பத்து நிமிட வேலை. பெரியவர் சித்திரை முதல் வாரம் ஓட்டினார். தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே அரை மணி நேரம் இறங்கவில்லை. எத்தனை சொல்லியும் கேட்காமல் வேகத்தைக் குறைக்காமலேயே கியரைக் குறைத்து, மூன்றாவது கியரின் பற்களைத் தின்றுவிட்டார்.

இப்போது கியர்பாக்ஸ் என் மேசைமேல் பிரிந்து கிடக்கிறது. புதுப் பல்சக்கரம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் மேச்சேரியிலிருந்து போன் வந்தது. ரெடியானதும் முதல் ஓட்டம் தனக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். மத்தியானம் பரமத்தியிலிருந்து வந்தது. அவருக்கும் அதேதான் வேண்டுமாம். இந்தத் தடவை முதலில் நான் ஓட்டப்போகிறேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.